கல்லூரில் கற்ற பாடம்

நாமக்கல் என்றவுடன் நேயர்களில் சிலருக்குக் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை நினைவுக்கு வருவார். சிலருக்கு, கூரையில்லாத கோயிலில் வெயிலையும் மழையையும் பொருட்படுத்தாமல் 18 அடி உயரத்தில் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயர் நினைவுக்கு வருவார். சமையலறைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கோ முட்டைதான் நினைவுக்கு வரும். ஊர் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் குன்றைப் பார்த்தபோது, கல்லுக்கும் முட்டைக்கும் சம்பந்தம் உண்டென்று அடியேன் கனவிலும் கருதவில்லை.

என்னை அழைத்துச் சென்றவர், அவ்வூர்க் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறிய நண்பர். சாலையின் இருமருங்கிலும் நீண்ட நீண்ட கோழிப் பண்ணைகள். அவற்றையெல்லாம் கடந்து, ஒரு சிற்றூரில் தமது பெரியம்மாவின் வீட்டுக்கு முன் வண்டியை நிறுத்தினார்.

அந்த அம்மாளின் சொத்து ஒன்பது நாட்டுக் கோழிகள். முட்டை விற்ற காசில்தான் வீட்டுச் சில்லறைச் செலவு நடக்கிறது. எங்களைக் கண்டதும் மோர் கொடுத்தார்; கூடவே தம் குறையையும் சொன்னார்.

"அடைக்கு வெச்ச பன்னண்டு முட்டையிலே அஞ்சு, கோழி ஏறி உக்காந்ததுமே உடைஞ்சு போச்சு, கண்ணு! ஓடு காயிதமாட்டம் இருக்குது. நான் என்ன கொறை வெச்சேன்? தோட்டத்துக் கீரையெல்லாம் அதுகளுக்குத்தானே போடறேன்!"

தொட்டியைப் பார்த்தோம். அரைக்கீரையும் தண்டுக்கீரையும் குவிந்து கிடந்தன. தானியம் பேருக்குக் கொஞ்சம் இருந்தது.

"பெரியம்மா, குறை அன்பில் இல்லை, அளவில்தான்" என்று நண்பர் சிரித்தார். பிறகு அவர் விளக்கியதன் சாரம் இது:

முட்டை ஓடு என்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லே. ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் பிடிக்கிறது. அதில் பெரும்பகுதி கோழி இரை தின்னாத இரவு நேரம். கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது வயிற்றை நிரப்பிவிடுவதால் கோழி மற்ற இரையைக் குறைத்துக்கொள்கிறது. மேலும் அரைக்கீரை, தண்டுக்கீரை, பாலக் போன்றவற்றில் உள்ள ஆக்ஸாலிக் அமிலம், கால்சியத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவொட்டாமல் செய்கிறது. கோடை வெயிலில் கோழி இளைத்து மூச்சு வாங்கினாலும் ஓடு மெலியும்.

"அப்போ ஓட்டுக்குச் சுண்ணாம்பு எங்கிருந்து வருது?"

"தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது, பெரியம்மா."

அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பெத்தவ வேற என்ன செய்வா?" என்றார்.

கீரையே ஆகாது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மஞ்சள் கருவுக்கு நல்ல நிறம் தருவது பச்சிலைதான். முருங்கைக்கீரையில் கால்சியம் மிகுதி. முட்டைக்கோஸ் இலையில் அந்த அமிலம் குறைவு. முதலில் தானியமும் புண்ணாக்கும். பிறகு ஒரு கைப்பிடி கீரை. மாலையில் தனிச் சட்டியில் பொடித்த கிளிஞ்சல். பெரிய துண்டுகள் இரைப்பையில் இரவெல்லாம் மெள்ளக் கரைந்து, ஓடு கட்டும் வேளையில் கைகொடுக்கும். இவற்றுடன் நிழலும் குளிர்ந்த நீரும் வேண்டும். நண்பர் சொன்ன வைத்தியம் இவ்வளவே.

இரண்டு மாதம் கழித்து நண்பரிடமிருந்து செய்தி வந்தது: அடுத்த அடையில் ஒரு முட்டைகூட உடையவில்லையாம். பெரியம்மா கிளிஞ்சல் சட்டியைத் தம் கையாலேயே தினமும் கழுவி வைக்கிறாராம்.

கொல்லையில் கோழி வளர்க்கும் நேயர்கள் இதை நினைவில் வைப்பது நலம். அன்போடு எதைக் கொடுத்தாலும் போதும் என்று நாம் நினைக்கிறோம். வாயில்லாத ஜீவனோ, நாம் கொடுக்க மறந்ததைத் தன் எலும்பிலிருந்து எடுத்து ஈடுசெய்துகொண்டிருக்கிறது.