அப்பா என்னும் சொல்

போடிமெட்டைக் கடந்து சாந்தன்பாறை ஏலத்தோட்டங்களை நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. எங்கள் பேரன் 'அப்பா' என்றழைத்தால் 'அம்மா' என்றே காதில் விழும். மகன் எதிரில் நிற்க, மருமகள் அடுப்படியிலிருந்து ஓடிவருவாள்.

பிறந்த நாளிலேயே பால் மூக்கின் வழியே வந்தது. உதட்டில் குறையில்லை, மேலண்ணத்தில் பிளவு. "ஏத்தா, கிரகணத்தன்னைக்குக் கத்தியத் தொட்டியா?" என்று மருமகளைக் கேட்டவர்கள் அயலார் அல்லர், நாங்களே. கருவின் முதல் மூன்று மாதங்களில் இருபுறத்து அண்ணமும் நடுவில் கூடாமற்போவதே இப்பிளவு. கிரகணத்திற்கு அதில் பங்கில்லை. அக்கேள்விக்காக அவளிடம் நாங்கள் இன்றுவரை மன்னிப்புக் கேட்டதில்லை.

நேர்த்திக்கடன்களில் காலம் கழிந்தது. ஒன்றரை வயதுக்குள் மூடியிருக்க வேண்டிய பிளவை மூன்று வயதிற்குப் பின்னரே மூடினோம். திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் 1959இல் பணியேற்ற அடன்வாலா என்னும் பார்சி மருத்துவர், 2020இல் மறைந்தவர், இத்தகைய குழந்தைகளுக்குப் பல்லாண்டுகள் அறுவை செய்தார் என்பதெல்லாம் எங்களுக்குப் பிந்தியே தெரிந்தது.

எழுத்துகள் பிறக்குமிடங்களுள் மூக்கையும் அண்ணத்தையும் தொல்காப்பியம் எண்ணுகிறது. பள்ளியில் படித்ததுதான், பொருள் இப்போதுதான் விளங்கியது. 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடுகள் ஒன்றுபோலவே கூடுகின்றன. காற்று மூக்கிற்குச் செல்லும் வழியை அண்ணத்தின் பின்பகுதி எழுந்து அடைத்தால் வல்லினம், திறந்துவிட்டால் மெல்லினம். பிளவுற்ற அண்ணத்தால் அடைக்க இயலாது. தையல் ஆறிய பின்னும் பழகிப்போன பேச்சு உடனே மாறவில்லை.

பயிற்சி தந்த அம்மையார் மலையாளி. பலூன் ஊதினால் போதுமென்று ஊரார் சொன்னதை அவர் ஏற்கவில்லை. ஒலியைச் சொல்லில் வைத்தே பழக்க வேண்டுமென்றார். அவர் தந்த சொற்பட்டியல் மலையாளம். "வீட்டில் பேசும் மொழியில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். மெல்லினம் கலவாத சொற்களாகத் தேடினோம்: பூ, கூடை, தட்டை, படி. பக்கத்து ஊரே கைகொடுத்தது: "அப்பா பூப்பாறைக்குப் போ." அதை எத்தனை மாலைகள் சொல்லச் செய்தோமென்று கணக்கில்லை. சில நாள் அழுதான். சில நாள் நாங்களே சலித்து விட்டுவிட்டோம்.

பல மாதங்களுக்குப் பின் ஒரு மாலை, காய் எடுப்பு முடிந்து மகன் மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தான். திண்ணையிலிருந்து பேரன் கூவினான். மருமகள் பழக்கத்தால் எழுந்தாள். பாதி எழுந்தவள் மீண்டும் அமர்ந்துகொண்டாள்.