டீக்கடைப் பலகையில் விட்டுப்போன வரி

சேரன்மகாதேவியில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. கடை வாசலில் ஒரு கரும்பலகை. ஒரு காலத்தில் அதில் 'உளுந்தவடை, பஜ்ஜி, சுக்குக்காபி' என்று எழுதியிருக்கும். 2011-இல் பணி ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர், "வடை இருக்கது வாசனையிலயே தெரியுதே அண்ணாச்சி, அதை எதுக்கு எழுதிப் போடணும்? பலகையை எனக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் காலை ஐந்தரை மணிக்குக் கடையில் பாய்லர் சூடாகும்போது அவர் கையில் சாக்பீஸ் இருக்கும்.

பலகையில் நான்கு கட்டங்கள். வரலாறு, துணுக்கு, சிரிப்பு, சிந்தனை. முதல் பஸ் வருவதற்குள் நான்கும் நிரம்பிவிடும்.

இந்த யோசனை அவருக்கு வானொலியிலிருந்து வந்தது. தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' சொன்ன காலத்தில், அதைக் கேட்காமல் அவர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதில்லை. ஒரு குட்டிக் கதை, அதற்குள் ஒரு செய்தி, முடிக்கும்போது ஒரு சிரிப்பு. அதுவும் தென்கச்சியார் அதற்கு முன்னால் திருநெல்வேலி வானொலியில் விவசாயிகளுக்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்தவர் என்பதால், "அவரு நம்ம ஆளுல்லா!" என்று வாத்தியாருக்கு ஒரு சொந்தம். 2009-இல் தென்கச்சியார் மறைந்தபோது, தூரத்துச் சொந்தக்காரர் போய்விட்ட மாதிரி ஒருநாள் முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்தார்.

வாத்தியாருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இரண்டு புத்தகங்களில் பார்த்து உறுதி செய்யாமல் எதையும் பலகையில் ஏற்றமாட்டார். செல்போனில் வருகிற 'ஆச்சரியத் தகவல்கள்' அவரிடம் செல்லாது. ஜூலை 20-ஆம் தேதி ஒருவர், "இன்னைக்குத்தான சார்வாள் நிலாவுல கால் வச்சான், எழுதலையா?" என்று கேட்டார். "அது அமெரிக்கா கணக்கு. நம்ம நேரப்படி 1969 ஜூலை 21 காலையிலதான் ஆம்ஸ்ட்ராங் இறங்கினாரு. நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் சிரிப்புக் கட்டத்தில் இப்படி இருந்தது: 'நவகயிலாயத்தில் நம் ஊர் சந்திரனுக்கு உரிய தலம். ராக்கெட் இல்லாமலே நாம் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் போய்விட்டு வருகிறோம்.'

செப்டம்பர் 5 வந்தால் ஆசிரியர் தினத்தோடு, 1872-இல் அதே நாளில் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.யும் பலகையில் இருப்பார். ஜூன் 17 என்றால் 1911-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்ட செய்தி. மழை பொய்த்த வருஷத்தில், உடம்பெல்லாம் மிளகை அரைத்துப் பூசி நீராட்டினால் மழை தருவார் என்று ஊர் நம்புகிற மிளகுப் பிள்ளையார் கதை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிலர் போட்டோ எடுப்பார்கள். ஒரு பெண் மட்டும் தினமும் நோட்டில் எழுதிக்கொள்வாள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவள். தையல் வேலைக்குப் போக அந்த நிறுத்தத்தில்தான் பஸ் ஏறுவாள்.

2025 மே மாதக் கடைசியில் ஒருநாள் அந்தப் பெண் நோட்டைப் பிரித்துக் காட்டினாள்.

"சார், இது போன வருசம் ஜூன் 3-க்கு நீங்க எழுதினது."

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். 'வ.வே.சு. ஐயர் நினைவு நாள். விடுதலை வீரர். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர். குளத்தங்கரை அரசமரம் கதையை எழுதியவர். நம் ஊரில் தமிழ்க் குருகுலம் நடத்தினார். 1925-இல் பாபநாசம் அருவியில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றக் குதித்துத் தானும் உயிர்நீத்தார்.'

"ஆமா, எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"புஸ்தகத்துல நம்ம ஊரு குருகுலம்னாலே சாப்பாட்டுல பாகுபாடு பார்த்தாங்கன்னுதான் சார் போட்ருக்கு. எது சார் சரி?"

"ரெண்டும் சரிதாம்மா."

"அப்ப நீங்க ஏன் சார் அதை எழுதல?"

பஸ் வந்துவிட்டது. அவள் ஏறிப் போய்விட்டாள். வாத்தியாரின் டீ ஆறி ஆடை படிந்தது.

அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. வகுப்பில் எத்தனையோ வருஷம் நடத்திய பாடம். லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போய்ப் புரட்சிக்காரராகி, வெள்ளைக்காரன் கையில் சிக்காமல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர் வ.வே.சு. ஐயர். தாய்மொழியில் கல்வி, கைத்தொழில், நாட்டுப்பற்று என்று ஒரு பள்ளிக்கூடம் நடத்த ஆசைப்பட்டு, தாமிரபரணிக் கரையில் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி முதலில் ஐந்தாயிரம் கொடுத்தது. எல்லாச் சாதியிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். ஆனால் பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு. பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாக ஐயர் சொன்னார். பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் எப்படி இரண்டு பந்தி இருக்கலாம் என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டார்கள். விஷயம் காந்தி வரைக்கும் போனது. 1925 ஜூன் 3-ஆம் தேதி ஐயர் போய்ச் சேர்ந்தார். அதே வருஷம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டே வெளியேறினார். அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இந்த ஊர்ச் சாப்பாட்டுப் பந்தியும் ஒன்று.

வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு, "பரீட்சைக்கு வரும், கோடு போட்டுக்கோங்கல" என்பார். கடைத்தெருவில் மட்டும் எழுதியதில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் அவரிடம் ஒரு பதில் இருந்தது. 'நல்ல மனுஷர், மகளுக்காக உயிரைக் கொடுத்தவர். நினைவு நாளில் போய் எதற்கு அதைக் கிளறவேண்டும்?' கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது உண்மையான காரணம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

1971-இல் அவருடைய அக்கா கல்யாணம் வீட்டிலேயே நடந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நண்பன், முந்தின நாளே வந்து பந்தக்கால் நட்டான். வாழைமரம் வெட்டிக்கொண்டுவந்து கட்டினான். வாய்க்காலிலிருந்து குடம் குடமாய்த் தண்ணீர் எடுத்து அண்டாவை நிரப்பினான். பந்தி போடும் நேரத்தில் அப்பா வாத்தியாரைத் தனியே கூப்பிட்டு, "ஒன் கூட்டாளியப் புறவாசல்ல உக்காரச் சொல்லு" என்றார். அதைப் போய்ச் சொல்லும் வேலைகூட இவருக்கு வரவில்லை. வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். முன்வாசல் பந்தியில் உட்கார்ந்தபோது, நடுவாசல் வழியாகப் பார்த்தால் தொழுவத்துப் பக்கம் தனியாக ஓர் இலையும், குனிந்த ஒரு தலையும் தெரிந்தன. அப்போது இவருக்குப் பதினெட்டு வயது. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு முடித்தார்.

வாத்தியார் வீடும் அக்ரகாரம் இல்லை. குருகுலத்தில் இரண்டு பந்தி போட்டதை நினைத்துக் கோபப்படுகிற பக்கத்து வீடுதான். அந்த வீட்டிலும் இரண்டு பந்தி இருந்தது. பாடத்தில் ஐயரைப் பற்றிச் சொல்ல முடிந்தது, அது புத்தகத்தில் இருந்ததால். ஊருக்கு நடுவில் எழுதிவைத்தால், அதைப் படிக்கிறவர்களில் அந்த நண்பனும் ஒருவன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தினமும் ஏழு மணிக்கு அதே கடைக்கு டீ குடிக்க வருகிறவன். ஐம்பத்துநாலு வருஷமாக இரண்டு பேரும் உலகத்தில் எல்லாவற்றையும் பேசியிருக்கிறார்கள். அந்தக் கல்யாணத்தைத் தவிர.

ஜூன் 2 சாயங்காலம் வாத்தியார் நண்பர் வீட்டுக்குப் போனார். திண்ணையில் உட்கார்ந்து ஆற்றில் தண்ணீர் வருவதைப் பற்றிப் பேசினார். பேரன் படிப்பைப் பற்றிப் பேசினார். பிறகு எழுதிக்கொண்டு வந்திருந்த தாளை எடுத்து நீட்டினார்.

நண்பர் நிதானமாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"இத எழுதித்தான் ஆகணுமா ஒனக்கு?"

"நீ வேண்டாம்னா எழுதல."

"நான் ஏன்ல வேண்டாங்கேன்? எம் பேரு போட வேண்டாம். ஆனா ஒண்ணு விட்டுட்டியே."

"என்னது?"

"அன்னைக்குப் பாயசம் புறவாசலுக்கு வரவே இல்ல. நான் ரொம்ப நேரம் இலைய மடிக்காம உக்காந்திருந்தேன். அதையும் எழுது."

சொல்லிவிட்டு நண்பர் சிரித்தார். வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. கிளம்பும்போது, "மன்னிச்சிரு" என்று சொல்ல வாயெடுத்தார். "சரி சரி, இருட்டிட்டு, பாத்துப் போ" என்று நண்பர் முந்திக்கொண்டார்.

மறுநாள், ஐயர் இறந்து சரியாக நூறு வருஷம். வாத்தியார் பலகையை ஈரத்துணியால் துடைத்தார். வரலாறு கட்டத்தில் ஐயரின் பெருமை எதையும் குறைக்காமல் எழுதினார். துணுக்குக் கட்டத்தில் இரண்டு பந்தியைப் பற்றியும், அதனால் தமிழ்நாட்டு அரசியலில் வந்த திருப்பத்தைப் பற்றியும் எழுதினார். சிரிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டார். சிந்தனைக் கட்டத்தில் இப்படி எழுதினார்:

'1971-இல் என் வீட்டுக் கல்யாணத்திலும் இரண்டு பந்தி இருந்தது. பந்தல் போட்ட என் நண்பருக்குப் புறவாசலில் இலை போட்டார்கள். பாயசம் அங்கே போகவில்லை. நான் முன்வாசலில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.'

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் படித்தார்.

"சார்வாள், இது தேவையா? நாலு பேரு நாலு விதமா எடுத்துக்கிடுவாங்க."

"நாலு பேரும் படிக்கட்டும் அண்ணாச்சி. வேண்டாம்னா நீங்க அழிச்சிருங்க."

கடைக்காரர் துணியை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். அப்புறம் அதால் பாய்லரைத் துடைத்தார்.

அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர், "ஊர்ப் பேரைக் கெடுக்காரு" என்று முணுமுணுத்துவிட்டு டீ குடிக்காமல் போனார். வயதான ஒருவர் வெகுநேரம் பலகை முன்னால் நின்றிருந்தார். பிறகு, "எங்க வீட்டுலயும்தான்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு நடந்தார். ஏழு மணிக்கு நண்பர் வந்தார். பலகையைப் பார்த்தார். "இனிப்புக் கூடப் போட்டு ஒரு டீ" என்றார். வாத்தியாரின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து தினத்தந்தியைப் பிரித்தார்.

பஸ் வருகிற நேரத்துக்கு அந்தப் பெண் ஓடி வந்தாள். நோட்டைத் திறந்து வேகமாக எழுதினாள். இரண்டு கட்டங்களையும் முடித்துவிட்டு, சிந்தனைக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"சார், இந்தக் கடைசி ரெண்டு மூணு வரி... இது பரீட்சைக்கு வருமா?"

வாத்தியார் பக்கத்தில் இருந்த நண்பரைப் பார்த்தார். நண்பர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வராதும்மா" என்றார் வாத்தியார். "இருந்தாலும் எழுதிக்கோ."