மெம்பர் ஸார், கணக்கு எங்கே?

எனக்கு ஒரு பதவி இருந்தது. சம்பளம் கிடையாது. கார் கிடையாது. கொடி கிடையாது. மாசத்துக்கு ஒரு தடவை ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு. அவ்வளவுதான் ஸார்! ஆனாலும் அதைக் காப்பாற்றிக்கொள்ள நான் பட்ட பாடு இருக்கிறதே... (இந்தப் ‘பாடு’ என்கிற வார்த்தைக்கு எங்கள் ஊரில் வேறொரு அர்த்தமும் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.)

எங்கள் ஊர், பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். ஏரி என்றதும் மதகும் மடையும் வைத்த பாசன ஏரி என்று நினைத்துவிடாதீர்கள். கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலந்து கிடக்கிற உப்பங்கழி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரியது. இந்தப் பக்கம் 1613-ல் டச்சுக்காரன் கட்டின கோட்டையின் மிச்சம். அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட். நடுவில் இறால், நண்டு, நாங்கள்.

அப்பா வலை பிடித்தார். நான் பேனா பிடித்தேன். பாரிமுனையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவு. விடிகாலையில் பஸ் ஏறிப் பொன்னேரி, அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் தொங்கிக்கொண்டு சென்ட்ரல். திரும்பி வருவதற்குள் ஊரே தூங்கியிருக்கும். நாய்கள் மட்டும் விழித்திருந்து வரவேற்கும்.

அப்படிப்பட்டவனுக்குப் பதவி எப்படி வந்தது?

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் 21-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிப்பது, வளர்ச்சித் திட்டம் போடுவது, வருகிற பணம் சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். ஒரு பள்ளிக்கு 20 பேர். பதவிக் காலம் இரண்டு வருஷம்.

எங்கள் ஊர்ப் பள்ளியிலும் கூட்டம் போட்டார்கள். “அஞ்சாம் வகுப்புப் பெற்றோர் சார்பா யார் நிக்கறீங்க?” என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். ஒரே நிசப்தம். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதோ என்று கவலை. கையைத் தூக்கி வாட்சைப் பார்த்தேன். படபடவென்று கைதட்டல்!

தேர்ந்தெடுத்துவிட்டார்களாம்.

* * *

பதவி என்பது வெற்றிலை பாக்கு மாதிரி ஸார். முதலில் வேண்டாம் என்போம். போட்டுப் பழகிவிட்டால் வாய் சும்மா இருக்காது.

என் மச்சான் எனக்கு விசிட்டிங் கார்டே அடித்துக் கொடுத்துவிட்டான். ட்ரெயினில் பக்கத்து சீட்காரருக்குக்கூட ஒன்று கொடுத்தேன். “இன்ஷூரன்ஸா?” என்று கேட்டார் அந்தப் பாவி.

நான் கையில் எடுத்த பிரச்னை, சுற்றுச்சுவர். பள்ளி மைதானத்துக்குள் ஆடு வரும், மாடு வரும், சில நாள் ராத்திரி பாட்டிலும் வரும். சுவர் கேட்டு மனு எழுதினேன். ஒன்றல்ல, இரண்டல்ல, பதினோரு மனுக்கள்! ஒவ்வொன்றுக்கும் நகல், தேதி, வரிசை எண், நீலக் கலர் ஃபைல். அந்த ஃபைலைப் பார்த்தால் உங்களுக்கே ஆசையாக இருக்கும். சுவர் மட்டும் வரவில்லை.

மாதாந்தரக் கூட்டம் வெள்ளிக்கிழமை சாயந்திரம் நடக்கும். அரை நாள் லீவு போட்டு ஓடி வருவேன். வந்து சேர்வதற்குள் கூட்டம் முடிகிற நேரமாகிவிடும். சுவரைப் பற்றி நாலு வார்த்தை ஆவேசமாகப் பேசுவேன். டீ குடிப்பேன். தீர்மானப் புத்தகத்தை நீட்டுவார்கள். வால் சுழித்து ஒரு கையெழுத்து. வீட்டுக்கு வந்துவிடுவேன்.

வீட்டில் வேறு ஒரு புகார் ஓடிக்கொண்டிருக்கும். “உங்க பொண்ணு கொண்டுபோற தண்ணி பாட்டில் அப்படியே திரும்பி வருதுங்க. ஒரு வாய் குடிக்க மாட்டேங்கறா. என்னன்னு கேளுங்க.”

“ஏம்மா தண்ணி குடிக்கறதில்லே?”

“தாகமே எடுக்கல்லப்பா.”

விசாரணை முடிந்தது. ஃபைல் க்ளோஸ்.

* * *

2024 ஆகஸ்டில் குழுவை மாற்றி அமைக்க உத்தரவு வந்தது. இந்தத் தடவை முன்னாள் மாணவர்களுக்கும் இடம். பெண் ஏழாம் வகுப்புக்கு வந்திருந்தாள். மறுபடி நிற்பது என்று முடிவு பண்ணினேன்.

“எதுக்கு?” என்றாள் மனைவி.

“எடுத்த காரியத்தை முடிக்கணும் இல்லையா?”

“எது, அந்த ஃபைலா?”

நான் பதில் சொல்லவில்லை. பெரிய மனுஷர்கள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அமெரிக்காவில் சுமார் 13 ஆயிரம் பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் போர்டு மெம்பர்களை ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டு வாசலில் பெயர்ப் பலகை நட்டுப் பிரசாரம் பண்ணுவார்களாம். இதை மச்சானிடம் சொன்னதுதான் தப்பு. “மாமா, நாமளும் ஒரு பேனர் வெச்சுடலாம்” என்று கிளம்பிவிட்டான். காலில் விழாத குறையாகத் தடுத்தேன்.

எதிர்த்து நின்றது, அடுத்த தெரு அக்கா. விடிகாலையில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிறவர். அவர் பெண்ணும் என் பெண்ணும் ஒரே வகுப்பு. “அக்காவுக்கு மனு எழுதத் தெரியுமா மாமா? நமக்கு 16 ஓட்டு நிச்சயம்” என்று மச்சான் விரல் விட்டு எண்ணிச் சொன்னான்.

முதல் நாள் ராத்திரி என் பெண் சமூக அறிவியல் நோட்டைத் திறந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். குடவோலை. காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள்.

யார் யார் நிற்கலாம்? வயது 35-க்கு மேல், 70-க்குள். சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, சாஸ்திரப் படிப்பு. (எங்கள் குப்பத்தில் ஒருத்தரும் தேறமாட்டோம்!) மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக் கூடாது. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரவே கூடாது. அவருடைய சொந்தக்காரர்களும் கூடாது.

“அப்பா, நீ கணக்குக் காட்டிட்டியா?” என்றாள்.

“உங்கப்பன் பொழப்பே கணக்குதாம்மா” என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

* * *

சனிக்கிழமை. ஏழாம் வகுப்புப் பெற்றோர் 25 பேர் வந்திருந்தார்கள். நான் ஃபைலோடு எழுந்து ஐந்து நிமிஷம் பேசினேன். பதினோரு மனுக்களையும் தேதிவாரியாகச் சொன்னேன். சுவர் வரும்வரை ஓயமாட்டேன் என்று முடித்தேன். மச்சான் ஜன்னலுக்கு வெளியே நின்று கைதட்டினான்.

அக்கா எழுந்தார். பேச்செல்லாம் பேசவில்லை. ஹெட்மாஸ்டரைப் பார்த்து, “ஸார், அந்தத் தீர்மான நோட்டுல போன வருஷம் பிப்ரவரி மாசம் இன்னா எழுதியிருக்குதுன்னு படிங்க” என்றார்.

ஹெட்மாஸ்டர் புரட்டினார். கொஞ்சம் தயங்கினார். படித்தார். “மாணவியர் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாதது குறித்துப் பேசப்பட்டது.”

“கீழ யார் கையெழுத்து போட்டிருக்காங்க?”

எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. வால் சுழித்த கையெழுத்தும் இருந்தது.

“தம்பி, உன்னைக் கொற சொல்லணும்னு கேக்கல” என்றார் அக்கா என் பக்கம் திரும்பி. “ஒன்ற வருஷமா பொம்பளப் புள்ளைங்க ஒருத்திய காவல் வெச்சுட்டுத்தான் உள்ள போவுதுங்க. பெரிய புள்ளைங்க மாசத்துல மூணு நாள் இஸ்கூலுக்கே வர்றதில்ல. மத்ததுங்க தண்ணியே குடிக்காம சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கினு உக்காந்துக்கீதுங்க. எம் பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும். நீ படிச்சவன். சுவரு சுவருன்னு பேசினியே, ஒரு நாளு அந்தக் கதவாண்ட போய்ப் பாத்தியா?”

தண்ணி பாட்டில்!

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அந்த நிமிஷம் ஓட்டு, பதவி எதுவும் ஞாபகம் இல்லை. தாகமே எடுக்கவில்லை என்று சொன்ன என் பெண்ணின் முகம்தான் நின்றது. 2023 ஜூலை 14-ம் தேதி சந்திரயான்-3 கிளம்பியபோது பிள்ளைகள் எல்லாம் மைதானத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்களாம். நான் ஆபீஸில் இருந்தேன். ராத்திரி வந்ததும் கை காலை ஆட்டி ஆட்டி எனக்குச் சொன்னாள். “நிலாவுக்கே போவுதுப்பா!” என்று அன்றைக்கு அவ்வளவு பேசியவள், பக்கத்தில் இருந்த ஒரு கதவைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை. ஒரு வேளை, சொல்லும்படியாக நான் ஒரு நாளும் உட்கார்ந்து கேட்கவில்லை.

ஆபீஸில் ஒரு வவுச்சரைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் என் மேனேஜர் என்னைத் தொலைத்துவிடுவார். இங்கே யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

எழுந்து வாபஸ் வாங்கியிருந்தால் சினிமாவில் வருகிற மாதிரி நன்றாக இருந்திருக்கும். எனக்கு அதற்குக்கூடத் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். சீட்டு எழுதிப் போட்டார்கள். எண்ணினார்கள். அக்காவுக்கு 19. எனக்கு 6.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி சொன்னாள். “நான் யாருக்குப் போட்டேன்னு கேக்காதீங்க. ரகசிய ஓட்டு.”

கேட்கவில்லை ஸார். ஆறில் ஒன்று நான் போட்டது. அதையும் மாற்றிப் போட்டிருக்கலாமோ என்று தோன்றியது.

* * *

திண்ணையில் அப்பா பழைய வலையை வைத்துப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றுவிட்டேன் என்றேன்.

இப்போது அந்தப் ‘பாடு’ விஷயம். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் சில உண்டு. அந்த இடத்துக்குப் பாடு என்று பெயர். யார் எந்தப் பாட்டில், எந்த நாளில் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். நல்ல இடம் ஒருத்தன் கையிலேயே நின்றுவிடக் கூடாது என்பதற்காகத் தாத்தா காலத்துக்கும் முன்னாலிருந்து வருகிற ஏற்பாடு.

“உம் பாடு முடிஞ்சுது. அந்தப் பொண்ணு வலை போடட்டும்” என்றார் அப்பா. ஊசியைக் கோத்துக்கொண்டே, “ஆனா நீ போட்ட வலைல பொத்தல் இருந்தா, அதை நீதான் தைக்கணும்” என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். தாழ்ப்பாள் வாங்கப் பொன்னேரி போகிறேன், பள்ளிக்கூடச் சாவி வாங்கித் தர முடியுமா என்று கேட்டேன். மீன் செதில் ஒட்டின கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“இரும்புல வாங்கிட்டு வந்துடாதே தம்பி. உப்புக் காத்து ஆறு மாசத்துல தின்னுடும். முன்ன இருந்ததும் அப்படித்தான் போச்சு. பித்தளைல வாங்கு.”

பித்தளையிலேயே வாங்கினேன். இரண்டு கதவு, இரண்டு தாழ்ப்பாள், பதினாறு ஸ்க்ரூ. மச்சான் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க, அக்கா கதவைத் தாங்கிப் பிடிக்க, முக்கால் மணி நேர வேலை. இரண்டு வருஷப் பதவியில் நான் செய்யாததைப் பதவி போன மறுநாள் முடித்தாயிற்று. செலவான பணத்துக்கு ரசீது வாங்கி அக்காவிடம் கொடுத்தேன். “இது எதுக்கு?” என்றார். “கணக்கு” என்றேன். முந்தானையில் முடிந்துகொண்டார்.

சுவர் ஃபைலையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டேன். பன்னிரண்டாவது மனுவை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் மனுக்களைவிட ரொம்பச் சின்னது. நாலே வரி.

திங்கட்கிழமை ராத்திரி வழக்கம்போல நாய்கள் வரவேற்க வீட்டுக்கு வந்தேன். பெண் தூங்கிவிட்டாள். மனைவி ஒன்றும் பேசாமல் அவளுடைய பையிலிருந்து தண்ணி பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

காலியாக இருந்தது.