துவாய்க்கும் ஆசாரம்

தந்தையார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் காரின் பழைய வர்ணத்தை இனி எவராலும் மீட்டுத்தர இயலாது. ஆதலின் அதைத் துடைக்கும் துவாய்களில் எனக்குக் கண்டிப்பு அதிகம்.

மைக்ரோபைபர் என்னும் இத்துணி பொலியெஸ்டரும் நைலோனும் கலந்து, தலைமயிரினும் மிக மெல்லிய இழைகளால் ஆனது. அழுக்கைக் கவ்வும் அவ்விழைகள், பருத்தியோடு சேர்த்துத் துவைத்தாற் பஞ்சுத் துகளையும் விடாது கவ்விக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவமோ இழைகளின்மேற் படலமாய்ப் படிந்து, நீர் உறிஞ்சும் வலிமையைக் கெடுத்துவிடும். கடுஞ்சூடும் ஆகாது. இளஞ்சூட்டு நீரும் சிறிது திரவச் சவர்க்காரமும் போதும்; பின்னர் நிழலில் உலர்த்துக. சில்லுத் துடைத்த துவாயைப் புறம்பாகவே கழுவுதல் வேண்டும். நிலத்தில் விழுந்தது, துவைக்கும் வரை வர்ணத்தைத் தீண்டலாகாது. ஒட்டிய ஒரு மணலே கீறிவிடும்.

“துவாய்க்குமா இத்தனை ஆசாரம்?” என்று மனைவி நகைப்பாள். ஆயினும் வீட்டுத் துணிகளோடு அவற்றை அவள் ஒருநாளும் சேர்த்ததில்லை.