மூன்று மணி நட்சத்திரம்

எங்கள் வீட்டு இணையம் தினமும் அதிகாலை மூன்று மணிக்குச் செத்து, நாலு மணிக்கு உயிர்த்தது. மகள் நைட் ஷிஃப்டுக்கு மாறிய பிறகுதான் இது தெரியவந்தது. அமெரிக்கக்காரர்களோடு அவளுக்கு மீட்டிங் நடக்கிற நேரம். செல்போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கொண்டு, கொசுவத்தியோடு மொட்டைமாடிப் படியில் போய் உட்காருவாள்.

நான் லைன்காரப் பையனைப் பிடித்துக்கொண்டேன். மூன்று தடவை வரவழைத்தேன். ஃபைபரை வெட்டி ஒட்டினான், கனெக்டர் மாற்றினான், அடாப்டரை மாற்றினான். "இப்ப நல்லாத்தானே சார் இருக்கு?" என்பான். "ராத்திரி மூணு மணிக்கு வந்து பாரு, தெரியும்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அவன் சூப்பர்வைசருக்கும் போன் போட்டேன். பக்கத்து வீட்டு வைஃபை மேலும் சந்தேகம். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள். மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். தெருவில் எனக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பெயர் வேறு.

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை இரண்டு மாதம் கழித்துச் செய்தேன். விழித்திருந்து, கருப்புத் திரையில் இரண்டு பிங் ஓடவிட்டேன். ஒன்று வீட்டு ரவுட்டருக்கு, 192.168.1.1. இன்னொன்று வெளியே, 8.8.8.8. வெளியே மட்டும் பதில் நின்றால் அது கம்பெனி பாடு. ரவுட்டரே பேசவில்லையென்றால் கோளாறு வீட்டுக்குள். மணி மூன்று. இரண்டும் நின்றன. ரவுட்டரின் விளக்குகள் அணைந்து, ஒவ்வொன்றாக எரிந்து, கடைசி விளக்கு வந்ததும் மறுபடி அணைந்தன.

டிவிக்குப் பின்னால் தூசியில் கிடக்கும் ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரவுட்டரைத் தினமும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய, போன வருஷம் அதில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் கிரானில் போட்டிருந்தேன். (தினமும் எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.) வரி இது:

* 3 * * *

முதல் இடம் நிமிடம், அடுத்தது மணி. மூன்று மணிக்கு ஒரே ஒரு தடவை என்றால் முதலில் 0 வந்திருக்க வேண்டும். நட்சத்திரம் போட்டால் 3.00 முதல் 3.59 வரை நிமிடத்துக்கு ஒரு தடவை. ரவுட்டர் எழுந்து உட்கார்ந்ததும் அடுத்த அடி. ஒரு வருஷமாக இதுதான் நடந்திருக்கிறது. அந்த நேரத்தில் விழித்திருக்க வீட்டில் ஆளில்லை. ஓடிய நேரத்தை ஒரு கோப்பில் குறித்துவைக்க ஒரு வரி சேர்த்திருந்தால் மறுநாளே மாட்டியிருப்பேன்.

0 போடவில்லை. வரியையே அழித்தேன்.

"நேத்து கட்டே ஆகலப்பா" என்றாள் மகள். "நான் போட்ட சத்தம் அப்படி" என்றேன்.

போன வாரம் டீக்கடையில் அந்தப் பையன். "லைன் எப்படி சார் இருக்கு?"

"இப்ப கட் ஆகறதே இல்லப்பா."

"நான் மாத்தினேன்ல, அந்தக் கனெக்டர்தான் சார்."

ஆமாம் என்றேன்.