18 வார்டு, 18 வேலை

  இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லாத நேரத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

2025 ஜூலை மாதம் நம் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். மராட்டியர் காலக் கோட்டைகள் என்று 12 கோட்டைகளைச் சேர்த்தார்கள். அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று நம்முடையது. அன்றைக்கு வந்த போன்களை எண்ணவே முடியவில்லை. பெங்களூரில் இருக்கும் ஒரு பையன், "டீச்சர், இனிமே நம்ம ஊரு எங்கேயோ போயிடும் பாருங்க" என்றான்.

"எங்கேயும் போகாதுப்பா. இங்கேதான் இருக்கும். காலையில தெருவைக் கூட்டணும், தண்ணி விடணும், சாயங்காலம் லைட்டைப் போடணும்" என்றேன். சிரித்தான். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு. அதைப் பார்க்க வருகிறவர் இறங்கும் பேருந்து நிலையம், நடக்கும் தெரு, தேடும் கழிப்பறை, குடிக்கும் தண்ணீர், அவர் போட்டுவிட்டுப் போகும் குப்பை என்று வரும்போது அது பேரூராட்சியின் வேலை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நம் பேரூராட்சியில் சுமார் 27 ஆயிரம் பேர். ஆனால் நம் ஊர் சுமக்கும் கூட்டம் அந்தக் கணக்கில் அடங்காது. பௌர்ணமிக்குத் திண்டிவனம், புதுச்சேரி பக்கத்து ஜனங்கள் நம் ஊர் வழியாகத் திருவண்ணாமலை போகிறார்கள். அமாவாசைக்கு அதே போல மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. அறுவடை நேரத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டை வண்டிகள். ஒவ்வொரு கூட்டம் கலைந்த பிறகும் யாரோ ஒருவர் துடைப்பத்தோடு வருகிறார். நாம் எழுந்து கோலம் போடுவதற்குள் அவர் போய்விடுகிறார்.

வகுப்பில் நான் சொல்லும் மனப்பாடக் குறிப்புகள் ஞாபகம் இருக்கிறதா? இதோ இன்னொன்று. நம் பேரூராட்சியில் 18 வார்டுகள். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது சேர்ந்த 12ஆவது அட்டவணையில், நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகள் என்று எழுதப்பட்டவையும் 18. சாலை, குடிநீர், சுகாதாரம், குப்பை, தெருவிளக்கு, பூங்கா, சுடுகாடு, ஆடு மாடு அறுக்கும் தொட்டி, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் அதில் வரும். ஒருவர் பிறந்த சேதியை எழுதிக்கொள்வதும் கடைசியில் அவர் போய்ச் சேரும் இடத்தைப் பராமரிப்பதும் ஒரே அலுவலகம்தான்.

போன பொங்கலுக்கு என்னிடம் படித்த ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தாள். வேறு மாவட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கே ஒரு பேரூராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறாள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் வந்தது அல்லவா, அப்படி வந்த வாய்ப்பு. கையில் ஒரு காகிதக் கட்டு. மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலாம். "டீச்சர், இதைப் பாருங்களேன். ஒண்ணுமே புரியல. எல்லாம் அஞ்சு நிமிஷத்துல ஏகமனதா முடிஞ்சிடுது" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். வீட்டுக்கு வருகிறவர்கள் இவளிடம் பேசாமல், "அண்ணன் இல்லையா?" என்று அவள் கணவரைக் கேட்கிறார்களாம்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். பிளீச்சிங் பவுடர் வாங்கிய செலவு. நீரேற்று நிலைய மோட்டார் பழுது பார்த்த செலவு. சந்தைக் கட்டண வசூலுக்குக் குத்தகை ஏலம். தெருவிளக்கு உதிரிப் பொருள்கள். ஒவ்வொன்றின் அடியிலும் "மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது" என்ற அதே வரி. இடையில் ஒரு பொருள், அந்த மாதம் பதிவான பிறப்பு இத்தனை, இறப்பு இத்தனை என்று.

அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. எங்க வீட்டுக்காரர் காலமான மாதமும் இப்படி ஒரு பட்டியல் தயாராகியிருக்கும். அதில் இறப்பு என்ற இடத்தில் போட்ட எண்ணில் ஒன்று அவர். அன்றைக்கு எனக்கு உலகமே நின்றது போல இருந்தது. அந்த மாதமும் மோட்டார் பழுது பார்த்திருப்பார்கள், பிளீச்சிங் பவுடர் வாங்கியிருப்பார்கள். முதலில் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அப்புறம் யோசித்தேன். காரியத்துக்கு வந்த உறவினர்கள் எல்லாருக்கும் குழாயில் தண்ணீர் வந்ததே, அது இந்தக் காகிதத்தில் இருக்கிற ஏதோ ஒரு வரியால்தான் வந்தது.

அவளுக்குப் பழைய பழக்கப்படி பாடம் எடுத்தேன். "கண்ணு, எல்லாத்தையும் ஒரே நாள்ல புரிஞ்சுக்க வேண்டாம். ஒரு கூட்டத்துக்கு ஒரு பொருளை மட்டும் எடு. பென்சிலால வட்டம் போடு. மூணு கேள்வி எழுது. இது எந்தத் தெருவுக்கு? எவ்வளவு? போன தடவை எப்ப வாங்கினாங்க? எழுந்து அந்த மூணையும் மட்டும் கேளு. சண்டை வேண்டாம்."

அடுத்த மாதம் போன் செய்தாள். தெருவிளக்குப் பொருளை எடுத்தாளாம். எந்தெந்தத் தெருவுக்கு என்று கேட்டதும் கூட்டத்தில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லையாம். பிறகு அதிகாரியே, "நியாயமான கேள்வி, இனி தெருவாரியாகப் பட்டியல் இணைக்கிறோம்" என்றாராம். சொன்னபடி இணைத்தும் விட்டார்களாம். அவள் வார்டில் விளக்கே எரியாத ஒரு சந்து அந்தப் பட்டியலில் வந்துவிட்டது. டியூஷன் முடிந்து பெண் பிள்ளைகள் திரும்பி வரும் சந்து அது. "இப்ப யாரும் அண்ணனைக் கேக்கறதில்ல டீச்சர், என்னையே கேக்கறாங்க" என்றாள். எனக்கு நல்லாசிரியர் விருது வாங்கியது போல இருந்தது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுப் பாடம் நினைவிருக்கும். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. குடவோலை என்று எழுதிவிட்டு எல்லாரும் மார்க் வாங்கினீர்கள். அதில் எனக்குப் பிடித்தது வேறு. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று அன்றாட வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வர முடியாது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நம் கோட்டையிலும் பாருங்கள். பீரங்கி மேட்டில் நின்று படம் எடுக்கிறோம். செட்டிக்குளம், சக்கரக்குளம், நெற்களஞ்சியம், கல்யாண மகாலுக்கு மண் குழாயில் தண்ணீர் கொண்டுபோன ஏற்பாடு, இவையெல்லாம் இருந்ததால்தான் முற்றுகை வந்தபோது உள்ளே இருந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். மதில் எவ்வளவு உயரமாக இருந்தாலும் தண்ணீர் இல்லாத கோட்டை நிற்காது.

இன்னொரு செய்தி. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டில் உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் ஐந்து ஆண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்கள்தான். கஜா புயலும் கொரோனாவும் அந்த இடைவெளியில்தான் வந்து போயின. சம்பளம் வாங்கும் ஊழியர்கள் வேலை செய்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் "இது எந்தத் தெருவுக்கு?" என்று மன்றத்தில் எழுந்து கேட்க நாம் ஓட்டுப் போட்ட ஆள் ஒருவரும் இல்லை. இப்போதைய மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தோடு முடிகிறது. காலம் முடிவதற்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்றுதான் அரசியல் சட்டமும் சொல்கிறது. மறுபடி ஓர் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வது, எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், நம் எல்லாருக்கும் உரிய அக்கறை.

எங்கே இருந்தாலும் நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

வீட்டில் குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பதிவாக வேண்டும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். சான்றிதழில் வெறும் "ஆண் குழந்தை" என்று வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் எடுக்கும்போது அலையாதீர்கள்.

சொத்து வரியை ஏப்ரல் மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. ஊரில் வயதான அப்பா அம்மாவை வரிசையில் நிறுத்தாமல் நீங்களே ஆன்லைனில் கட்டிவிடுங்கள். பெற்றோர் காலமாகியிருந்தால் வரி ரசீதில் பெயர் மாற்றம் செய்துவிடுங்கள்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று 2016 விதிகளே பிரிக்கச் சொல்லியிருந்தன. பிரித்துக் கொடுத்தால் அந்த அம்மா கையால் கிளற வேண்டியதில்லை. கண்ணாடித் துண்டைத் தனியாகத் தாளில் சுற்றிக் கொடுங்கள்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினம். நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் 2022இல் அந்த நாளில்தான் தொடங்கின. கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது தேதி ஒத்துவந்தால் ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள். பேச வேண்டாம், கேட்டாலே போதும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்கள் பிறந்த வீடு இருக்கும் வார்டு எண் என்ன, உறுப்பினர் பெயர் என்ன? அமெரிக்க அதிபர் பெயர் தெரிகிற பிள்ளைகளுக்கு இது கஷ்டமில்லை. தெரியாதவர்கள் அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இந்தச் சாக்கிலாவது அம்மாவிடம் பேசினது போல இருக்கும்.

எல்லாரும் நன்றாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
செஞ்சி.