''எனக்கு யாரும் சோறு போடலை!'' - புதுச்சத்திரம் திண்ணையில் ஒரு பகல்

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் ஏறி, இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். இந்தச் சமவெளியின் பிழைப்பு மொத்தத்தையும் பார்த்துவிடலாம். மல்லூர் தாண்டினால் மரவள்ளிக் காடும், ஜவ்வரிசி மில்களும். ஆண்டகளூர் கேட் தாண்டினால் கோழிப்பண்ணைகள், அட்டை அட்டையாக முட்டை ஏற்றிப்போகும் வேன்கள். கிழக்கே கொல்லிமலை கூடவே வரும்.

நான் இறங்கியது புதுச்சத்திரத்தில். பக்கத்துக் கிராமத்தில் பெரியம்மா வீடு. அம்மிச்சிக்கு 81 வயது. நாலு வருஷமாக டிமென்ஷியா என்கிற மறதிநோய். பெரியப்பா லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். அதனால் அம்மிச்சியைப் பார்த்துக்கொள்வது பெரியம்மா ஒருவர்தான்.

திண்ணையில் இருந்த அம்மிச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். ''வா கண்ணு. எனக்கு ரெண்டு நாளா யாரும் சோறு போடலை.''

பக்கத்திலேயே கழுவாத தட்டு. சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இந்த ஒரு வரியால்தான் என் அம்மாவும் பெரியம்மாவும் எட்டு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. போனில் அம்மிச்சி சொன்னதை அம்மா அப்படியே நம்பிவிட்டார். ''பெத்தவளைப் பட்டினி போடறியா?'' என்று கேட்டுவிட்டார். தெருவிலும் அதே பேச்சு. அம்மிச்சி பொய் சொல்லவில்லை. இந்த நோயில் பழைய நினைவுகள் ரொம்ப நாள் தங்கும். சற்றுமுன் நடந்தது தங்காது. அவரைப் பொறுத்தவரை சாப்பிடாததுதான் உண்மை.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. நகரத்தைவிட கிராமங்களில்தான் அதிகம் என்பதும் அதில் தெரிந்தது.

''நான் வாட்ஸ்அப்பில் அனுப்பின வீடியோ எல்லாம் பார்த்தீங்களா பெரியம்மா?''

''டாக்டர் நல்லாத்தான் பேசறாரு கண்ணு. மூளைக்குள்ள என்ன ஆகுதுன்னு சொல்றாரு. விடியக்காலம் நாலு மணிக்கு, செத்துப்போன கன்னுக்குட்டியைத் தேடிக் காட்டுக்குள்ள போறவளை என்ன பண்றதுன்னு சொல்லலையே! குறுக்கெழுத்துப் போடச் சொல்றாரு. உங்க அம்மிச்சி கைநாட்டு!''

இந்தக் கேள்வி பெரியம்மாவுடையது மட்டுமல்ல. பராமரிப்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 'ஐ-சப்போர்ட்' என்ற இணையப் பயிற்சியை உருவாக்கியது. மொத்தம் 23 பாடங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் அதை இந்தியாவுக்கு ஏற்ப மாற்றிச் சோதித்துப் பார்த்தபோது, பாதியிலேயே நின்றுவிட்டவர்கள் நிறைய. பெரியம்மாவுக்குக் கிடைக்கும் ஓய்வு, அம்மிச்சி கண்ணயரும் இருபது நிமிஷம்தான். 23 பாடத்துக்கு எங்கே போவார்?

ஆஸ்திரேலியாவில் வேறு மாதிரி யோசித்தார்கள். மெல்பர்னில் உள்ள தேசிய முதுமை ஆய்வு நிறுவனம், 'மூவிங் பிக்சர்ஸ்' என்ற திட்டத்தில் பராமரிப்பவர்களையே பேட்டி எடுத்து, அவர்களோடு சேர்ந்து 15 குறும்படங்களை உருவாக்கியது. ஐந்து மொழிகளில் தமிழும் ஒன்று. எதைச் சொல்வது என்பதை அனுபவித்தவர்களிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

செம்பில் போனைச் சாய்த்துவைத்து, அதில் ஒரு தமிழ்ப் படத்தை இருவரும் பார்த்தோம். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ''இவங்களும் நம்மளை மாதிரிதான் படறாங்க. ஆனா, அங்க ஊரே வேற.''

''சரி, நம்ம ஊர்ல எடுத்தா என்ன எடுக்கணும்?''

பெரியம்மா யோசிக்கவே இல்லை. ''மூடி இல்லாத கிணத்தைக் காட்டணும். லாரி பறக்கிற பைபாஸைக் காட்டணும். வழி தவறி வந்தா கூட்டிட்டு வந்து விடுன்னு டீக்கடைக்காரருக்குச் சொல்லணும். பிரஷர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருதே, மக்களைத் தேடி மருத்துவம் பொண்ணு, அதுக்கும் காட்டணும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம், நெட் தீர்ந்துடும். முக்கியமா, 'சோறு போடலை'ன்னு சொன்னா சொந்தக்காரங்க என்ன செய்யணும்னு சொல்லணும். பார்த்துக்கிறவளுக்கு மட்டும் பாடம் நடத்தி என்ன பிரயோஜனம்?''

இதைப் பதிவு செய்ய போனைத் தூக்கினேன். கையை நீட்டித் தடுத்தார். ''அவ முகத்தைப் போடாத. நல்லா வாழ்ந்தவ. என் குரல் மட்டும் போதும்.''

தமிழ்ப் பாடம் தயாரிக்கும் யாரும் முதலில் இந்தத் திண்ணைக்கு வர வேண்டும் என்று தோன்றியது. அதுவரை, முதியோருக்கான 14567 உதவி எண்ணை பெரியம்மா போனில் பதிந்து கொடுத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அந்தக் குரல் பதிவை அம்மாவுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மல்லூர் வரும்போது போன் அடித்தது.

''ஏன்டா, அக்கா மத்தியானம் சாப்பிட்டாளா?''